அடையாளம் கண்டும் அசையாத டி செல்

கேள்வி: மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் ஆசிரியையாக இருக்கிறேன். என் அண்ணனுக்கு வயது 54. பல வருடப் புகையிலைப் பழக்கம். கன்னத்தின் உட்புறத்தில் புற்றுநோய். அறுவை சிகிச்சை, கதிர்வீச்சு எல்லாம் முடிந்து ஒன்றரை வருடத்தில் கழுத்தில் திரும்ப வந்துவிட்டது. இனி அறுவை செய்ய முடியாது என்று சொல்லி, மாத்திரைகளோடு நிவோலுமாப் என்ற ஊசியைக் குறைந்த அளவில் தருகிறார்கள். "கட்டிக்குள்ளேயே டி செல் நிறைய இருக்கு, ஆனா வேலை செய்யல. அதை எழுப்பத்தான் இந்த ஊசி" என்றார் டாக்டர். ஆன்டிஜெனை, அதாவது அந்நியப் பொருளை, அடையாளம் கண்டால் டி செல் என்ற வெள்ளணு தூண்டப்பட்டுப் பெருகும் என்றுதான் நான் வகுப்பில் நடத்துகிறேன். பக்கத்திலேயே இருந்தும் ஏன் அது சும்மா இருக்கிறது? சத்து போதவில்லையா? உறவினர் ஒருவர் எதிர்ப்புச் சக்தி கூட்டும் லேகியம் வாங்கிவந்து வைத்திருக்கிறார், கொடுக்கலாமா? மற்றவர்களுக்கு 240 மில்லிகிராம் போடும் மருந்தை இவருக்கு 20 மில்லிகிராம்தான் போடுகிறார்கள். காசு இல்லாததால் அரைகுறை வைத்தியமா?

பதில்:

அன்புள்ள டீச்சர்,

நான்கு கேள்வி கேட்டிருக்கிறீர்கள். கடைசிக் கேள்விதான் உங்களைத் தூங்கவிடாமல் செய்கிறது என்று தோன்றுகிறது. அதற்கு ஒரு வரியில் இப்போதே சொல்லிவிடுகிறேன்: அரைகுறை வைத்தியம் இல்லை. ஏன் என்பதை விளக்க, உங்கள் முதல் கேள்வி வழியாகப் போக வேண்டும். நான் நோயாளிகளைப் பார்க்கும் மருத்துவன் அல்ல, டி செல்களை ஆய்வுக்கூடத்தில் வளர்த்துப் படிப்பவன். மருந்து எது, அளவு எவ்வளவு என்பதையெல்லாம் அண்ணனைத் தொட்டுப் பார்த்த டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். செல்லுக்குள் என்ன நடக்கிறது என்பதை நான் சொல்கிறேன்.

வகுப்பில் நீங்கள் நடத்துவது சரிதான், பாதி தூரம் வரைக்கும். டி செல்லின் ஏற்பி ஆன்டிஜெனைப் பிடிப்பது முதல் சமிக்ஞை. அது மட்டும் போதாது. ஆன்டிஜெனைக் காட்டும் டென்ட்ரைட்டிக் செல், கிருமியின் வாடையோ திசு சேதமோ பட்டால், சிடி80, சிடி86 என்ற இரண்டு புரதங்களைத் தன் மேற்பரப்பில் ஏராளமாக வெளியே நீட்டும். டி செல்லில் உள்ள சிடி28 அவற்றைத் தொட வேண்டும். இது இரண்டாவது சமிக்ஞை. வங்கி லாக்கரை உங்கள் சாவி மட்டும் திறக்காது, வங்கிக்காரரின் சாவியும் சேர வேண்டும் அல்லவா, அதுபோல. ஆனால் இந்த லாக்கருக்கு விபரீதமான குணம் ஒன்று உண்டு. ஒரு சாவியை மட்டும் போட்டுத் திருகிவிட்டால் பூட்டு இறுகிவிடும். அப்புறம் இரண்டு சாவியையும் கொண்டுவந்து போட்டாலும் திறக்காது.

இதைத் தெளிவாகக் காட்டியவர்கள் அமெரிக்காவில் பெதஸ்டாவிலுள்ள தேசிய சுகாதார நிறுவனத்தில் இருந்த மார்க் ஜென்கின்ஸ், ரொனால்ட் ஷ்வார்ட்ஸ். வருடம் 1987. ஆன்டிஜெனைக் காட்டும் செல்களை ரசாயனம் போட்டு உறைய வைத்துவிட்டார்கள். மேற்பரப்பில் ஆன்டிஜென் அப்படியே இருக்கும், ஆனால் அந்தச் செல்லால் இரண்டாவது சமிக்ஞையைத் தர முடியாது. அதன் மேல் டி செல்களை விட்டார்கள். டி செல்கள் பெருகவில்லை, அது எதிர்பார்த்ததுதான். பிறகு அதே டி செல்களை எடுத்து, உயிரோடு இருக்கும் நல்ல செல்களிடம் அதே ஆன்டிஜெனோடு சேர்த்தார்கள். அப்போதும் பெருகவில்லை. டி செல்லைப் பெருக வைக்கும் புரதமான இன்டர்லூக்கின்-2 சுரக்கவில்லை. சாகவும் இல்லை. நாள்கணக்கில் அப்படியே கிடந்தன. வெளியிலிருந்து இன்டர்லூக்கின்-2 ஊற்றினால் பெருகின, பழைய குணமும் மெல்லத் திரும்பியது. பெருகத் தேவையான எல்லாம் செல்லுக்குள் இருந்தன என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம். ஆகவே சத்துக் குறைவு என்ற எண்ணத்தை இங்கேயே விட்டுவிடலாம். பாதி செய்தியைக் கேட்டதன் விளைவாகச் செல்லே தன் உள்வயரிங்கை மாற்றிக்கொண்டுவிட்டது.

என்ன மாற்றம்? இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாகப் போகலாம். நீங்கள் விலங்கியல் படித்தவர், பெயர்கள் உங்களை மிரட்டாது. ஏற்பி ஆன்டிஜெனைப் பிடித்ததும் எல்சிகே, ஸாப்-70 என்ற நொதிகள் அடுத்தடுத்துப் பாஸ்பேட்டை ஒட்டிக்கொண்டே போய், கடைசியில் பிஎல்சி-காமா என்ற நொதியை முடுக்கிவிடுகின்றன. செல் சவ்வில் இருக்கும் ஒரு கொழுப்பு மூலக்கூறை அது இரண்டாக வெட்டுகிறது. ஒரு துண்டு உள்ளே போய்க் கால்சியத்தைத் திறந்துவிடும். கால்சியம் கால்சினியூரின் என்ற நொதியை எழுப்பும், அது என்எஃப்ஏடி என்ற புரதத்தின் பாஸ்பேட்டைக் கழற்றி உட்கருவுக்குள் அனுப்பும். மறு துண்டின் பெயர் டைஅசைல்கிளிசரால். அது சவ்விலேயே தங்கி, ராஸ், ஈஆர்கே என்ற தொடரை ஓட்டி, ஏபி-1 என்ற இன்னொரு புரதத்தை உட்கருவில் தயார் செய்யும். இன்டர்லூக்கின்-2 மரபணு வேலை செய்ய என்எஃப்ஏடியும் ஏபி-1ம் டிஎன்ஏவில் பக்கத்துப் பக்கத்தில் தோள் ஒட்டி உட்கார வேண்டும். சிடி28 தரும் இரண்டாவது சமிக்ஞை பெரும்பாலும் இந்த ஏபி-1 பக்கத்துக்குத்தான் வலு சேர்க்கிறது.

இரண்டாவது சமிக்ஞை வராதபோது கால்சியம் ஏறுகிறது, என்எஃப்ஏடி உட்கருவுக்குப் போகிறது, ஆனால் துணை இல்லை. துணையில்லாமல் போன என்எஃப்ஏடி சும்மா திரும்பி வருவதில்லை என்பதுதான் இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த கண்டுபிடிப்பு. ஹார்வர்டில் அப்போது இருந்த அஞ்சனா ராவின் ஆய்வுக்குழு 2002இல் இதைக் காட்டியது: தனியாகப் போன என்எஃப்ஏடி வேறொரு மரபணுக் கூட்டத்தை இயக்கிவிடுகிறது. சமிக்ஞையை அடக்கும் புரதங்களின் கூட்டம் அது. சிபிஎல்-பி, ஐட்ச், கிரெயில் என்ற புரதங்கள், சமிக்ஞை கடத்தும் மற்ற புரதங்களின் மீது அழிவு முத்திரை குத்தி அவற்றை அகற்ற வைக்கின்றன. டைஅசைல்கிளிசரால் கைனேஸ் என்ற நொதி கூடிவிடுகிறது. அது டைஅசைல்கிளிசராலை உடனுக்குடன் வேறு பொருளாக மாற்றிவிடும். அடுத்த முறை ஏற்பி எவ்வளவு கத்தினாலும் ராஸ் வழியில் செய்தி போவதில்லை. இப்படி மரத்துப்போன செல்களில் ராஸ் தொடர் தடைப்படுவதை 1996இலேயே பார்த்துவிட்டார்கள். யார் தடுக்கிறார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. எங்கள் ஆய்வுக்கூடங்களில் இதைச் செய்துகாட்ட ஆன்டிஜென்கூட வேண்டாம். கால்சியத்தை மட்டும் உள்ளே விடும் அயனோமைசின் என்ற மருந்தில் டி செல்லைச் சில மணி நேரம் ஊறவைத்தால் போதும், மரத்துவிடும்.

ஒரு கிளைக்கதை. சிறுநீரக மாற்று செய்தவர்கள் சாப்பிடும் சைக்ளோஸ்போரின் கால்சினியூரினைத்தான் தடுக்கிறது. அதனால் டி செல் பொங்கி எழுவதும் நிற்கிறது, மரத்துப்போவதும் நிற்கிறது. புதிய சிறுநீரகத்தைத் தன்னுடையதாக ஏற்றுக்கொள்ள டி செல் கற்றுக்கொள்ளும் வாய்ப்பையும் அந்த மாத்திரை சேர்த்தே குறைக்கலாம் என்று ஆய்வாளர்கள் அடிக்கடி அங்கலாய்ப்பதன் காரணம் இதுதான்.

உடம்பு ஏன் இப்படி ஒரு ஏற்பாட்டை வைத்திருக்கிறது? தைமஸ் சுரப்பியில் நம் சொந்தப் புரதங்களைத் தாக்கக்கூடிய டி செல்களை வடிகட்டுகிறார்கள் என்று பாடத்தில் வரும். வடிகட்டலில் நிறையத் தப்பி வெளியே வருகின்றன. அவை நம் தோலையும் குடலையும் கணையத்தையும் தினமும் உரசிக்கொண்டுதான் ஓடுகின்றன. கிருமி இல்லாத இடத்தில் சிடி80, சிடி86 அதிகம் இருக்காது. முதல் சமிக்ஞை மட்டும் கிடைத்து அவை மரத்துப்போகின்றன. அதனால்தான் நம்மில் பெரும்பாலோர் தன் உடலையே தாக்கும் நோய் இல்லாமல் இருக்கிறோம். புற்றுக்கட்டி இந்தச் சலுகையில் புகுந்துகொள்கிறது. அதுவும் நம் சொந்தச் செல்லிலிருந்து வந்ததுதானே. பெரும்பாலான கட்டிச் செல்களில் சிடி80, சிடி86 கிடையாது அல்லது மிகக் குறைவு.

இதுவரை சொன்னது ஆரம்பத்திலேயே பாதி செய்தி மட்டும் கேட்டு மரத்துப்போன டி செல்லின் கதை. உங்கள் அண்ணனின் கட்டிக்குள் இருப்பவற்றில் கணிசமானவை வேறு வழியாக அதே முடங்கிய நிலைக்கு வந்தவையாக இருக்கும். இவை முதலில் இரண்டு சமிக்ஞையும் பெற்று ஒழுங்காகப் பெருகி, சண்டைக்கும் போனவை. எதிரி ஒழியவில்லை. மாதக்கணக்கில் ஆன்டிஜென் ஏற்பியை அழுத்திக்கொண்டே இருக்கிறது. அப்படி அழுந்திய டி செல் படிப்படியாகக் களைத்துப்போகிறது. டாக்டர்கள் நோயாளியிடம் பேசும்போது மரத்துப்போனது, களைத்துப்போனது இரண்டையும் "வேலை செய்யல" என்று ஒன்றாகச் சொல்லிவிடுவார்கள். வரிசையில் ஐம்பது பேர் காத்திருக்கும்போது அதைக் குறையாகச் சொல்ல மாட்டேன்.

களைத்த டி செல்லின் மேற்பரப்பில் பிடி-1 என்ற ஏற்பி அடர்த்தியாக இருக்கும். கியோட்டோவில் தசுகு ஹோன்ஜோவின் ஆய்வுக்கூடத்தில் 1992இல் கண்டுபிடித்தது. செல் தற்கொலை செய்துகொள்வதற்கான மரபணுவைத் தேடிப்போய் அவர்களுக்குக் கிடைத்தது இது. இதைப் பிடித்து அழுத்தும் புரதம் பிடி-எல்1. டி செல் தாக்கும்போது விடும் இன்டர்பெரான்-காமா என்ற புரதமே கட்டிச் செல்லைத் தூண்டிப் பிடி-எல்1ஐ வெளியே நீட்ட வைக்கிறது. தாக்கியதற்குத்தான் இந்தக் கைம்மாறு! பயாப்ஸியில் பிடி-எல்1 எவ்வளவு சதவீதம் என்று பார்ப்பது இதற்காகத்தான்.

பிடி-1 அழுந்தினால் உள்ளே எஸ்எச்பி-2 என்ற நொதி வந்து ஒட்டும். அதன் வேலை, மற்றவர்கள் ஒட்டிய பாஸ்பேட்டைக் கழற்றுவது. அது முதலில் ஆன்டிஜென் ஏற்பியைத்தான் முடக்கும் என்று நெடுநாள் நினைத்திருந்தோம். 2017இல் வந்த ஆய்வு, அது அதிகமாகக் கழற்றுவது சிடி28இன் பாஸ்பேட்டை என்று காட்டியது. ஆக, சுற்றிச் சுற்றி அதே இரண்டாவது சமிக்ஞைக்குத்தான் வந்து நிற்கிறோம். முதல் வகை டி செல்லுக்கு அது கொடுக்கப்படவில்லை, இரண்டாம் வகைக்குக் கொடுத்தாலும் அழிக்கப்படுகிறது. இரண்டுமே ஆன்டிஜெனைச் சரியாக அடையாளம் கண்டவை.

நிவோலுமாப் என்பது பிடி-1ன் மேல் போய் ஒட்டிக்கொள்ளும் எதிர்ப்பொருள். பிடி-எல்1 அதைத் தொட முடியாது. இப்படித் தடுத்தால் களைத்த டி செல் மீளும் என்பதை நாள்பட்ட வைரஸ் தொற்று உள்ள எலிகளில் 2006இல் காட்டியது அட்லான்டாவில் எமரி பல்கலைக்கழகத்தில் இருக்கும் ரஃபி அகமதுவின் குழு. அவர் ஹைதராபாத்தில் பிறந்தவர். ஹோன்ஜோவுக்கு 2018இல் ஜேம்ஸ் ஆலிசனோடு நோபல் கிடைத்தது.

"எழுப்பத்தான் இந்த ஊசி" என்று டாக்டர் சொன்னதில் ஒரு சிறு திருத்தம் வேண்டும், ஏனென்றால் எதிர்பார்ப்பை அது பாதிக்கும். ரொம்பக் களைத்த டி செல்லில் டாக்ஸ் என்ற புரதம் ஆட்சி செய்கிறது. டிஎன்ஏ சுற்றப்பட்டிருக்கும் விதமே மாறி, சில மரபணுக்கள் நிரந்தரமாகப் பூட்டப்பட்டுவிடுகின்றன. ஊசி போட்டாலும் அந்தத் தழும்பு போவதில்லை. கூட்டத்தில் டிசிஎஃப்-1 என்ற புரதத்தைத் தக்கவைத்துக்கொண்ட ஒரு சிறு பகுதி இருக்கும். இன்னும் பெருகும் திறன் உள்ள, விதை போன்ற செல்கள் அவை. ஊசிக்குப் பிறகு பெருகி வருவது பெரும்பாலும் இவற்றின் வாரிசுகள் என்று 2016 முதல் வந்த ஆய்வுகள் சொல்கின்றன. அந்த விதை மிச்சம் உள்ளவருக்குப் பலன் கூடுதல், இல்லாதவருக்குக் குறைவு. ஒரே மருந்து ஒருவருக்குப் பிரமாதமாக வேலை செய்து பக்கத்துப் படுக்கைக்காரருக்கு ஒன்றுமே செய்யாமல் போவதற்கு இது முக்கியமான காரணங்களில் ஒன்று. யாருடைய கட்டியில் எவ்வளவு மிச்சம் என்று சாதாரண மருத்துவமனைப் பரிசோதனையில் இன்று பார்க்க முடியாது.

இப்போது 20 மில்லிகிராம். ஒரு டி செல்லில் இருக்கும் பிடி-1 ஏற்பிகள் எண்ணிக்கையில் அடங்கியவை. எல்லாவற்றையும் மருந்து மூடிவிட்டால், அதற்கு மேல் ஊற்றும் மருந்துக்கு ஒட்ட இடம் கிடையாது. கீமோ மருந்துக்கும் இதற்கும் உள்ள பெரிய வித்தியாசம் இது. 2010இல் வெளியான முதல் மனிதப் பரிசோதனையிலேயே, உடல் எடையில் கிலோவுக்கு 0.3 மில்லிகிராம் பெற்றவர்களுக்கும் 10 மில்லிகிராம் பெற்றவர்களுக்கும் ரத்தத்திலுள்ள டி செல்களில் மூடப்பட்டிருந்த பிடி-1ன் அளவு கிட்டத்தட்ட ஒன்றாகவே இருந்தது. எழுபது சதவீதத்தைச் சுற்றி. ஒரு ஊசிக்குப் பிறகு இரண்டு மாதம் வரை. ஐம்பது கிலோ எடையுள்ள ஒருவருக்கு 20 மில்லிகிராம் என்றால் கிலோவுக்கு 0.4. அந்த வரம்புக்குள்தான் வருகிறது.

மும்பை டாடா மெமோரியல் மருத்துவமனை இதைத் தலை, கழுத்துப் புற்றுநோயில் சோதித்துப் பார்த்தது. அண்ணனைப் போல, குணப்படுத்தும் அறுவை இனி இயலாத 151 பேர். ஒரு பாதிக்கு மெத்தோட்ரெக்சேட், செலிகாக்சிப், எர்லோடினிப் மாத்திரைகள் மட்டும். மறு பாதிக்கு அவற்றோடு மூன்று வாரத்துக்கு ஒருமுறை 20 மில்லிகிராம் நிவோலுமாப். ஒரு வருடம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் முதல் குழுவில் 16.3 சதவீதம், ஊசி பெற்ற குழுவில் 43.4 சதவீதம். இந்த ஆய்வு 20ஐ 240உடன் மோதவிட்டுப் பார்க்கவில்லை, அதனால் இரண்டும் சமம் என்று நான் எழுத மாட்டேன். ரத்தத்தில் ஏற்பி மூடியிருப்பதும் கட்டிக்குள் மூடியிருப்பதும் ஒன்றேதானா என்ற கேள்வியும் இருக்கிறது. இந்த யோசனை பிறந்ததற்குக் காசு ஒரு காரணம்தான், மறைக்க வேண்டியதில்லை. முழு அளவு மருந்து வாங்க நம் நாட்டில் நூற்றுக்கு எத்தனை பேரால் முடியும்? ஆனால் அண்ணனுக்குக் கிடைப்பது சோதித்துப் பார்த்து, உயிர்நாளைக் கூட்டியதாகக் காட்டப்பட்ட சிகிச்சை. மனதைச் சமாதானப்படுத்துவதற்காக நான் சொல்லவில்லை. அதே ஆய்வின்படி ஊசி பெற்றவர்களிலும் பாதிக்கு மேற்பட்டோர் ஒரு வருடத்தைத் தாண்டவில்லை என்பதும் உண்மை. குடும்பத்தில் பேச வேண்டியவற்றை இப்போதே பேசிக்கொள்வது நல்லது.

லேகியம். எதிர்ப்புச் சக்தியைக் "கூட்டுவது" என்று ஒன்று உண்மையில் நடந்தால் எப்படி இருக்கும் என்பதற்கு உதாரணங்கள் உண்டு. டி செல்லின் இன்னொரு அடக்கும் ஏற்பியான சிடிஎல்ஏ-4 இல்லாமல் பிறக்கும் எலிகள் மூன்று, நான்கு வாரத்தில் செத்துவிடுகின்றன. அவற்றின் டி செல்கள் இதயம் உட்பட எல்லா உறுப்பிலும் புகுந்துவிடுகின்றன. 2006 மார்ச்சில் லண்டன் நார்த்விக் பார்க்கில், முதல் சமிக்ஞையே இல்லாமல் சிடி28ஐ நேரடியாக முடுக்கும் ஒரு மருந்தை ஆரோக்கியமான ஆறு இளைஞர்களுக்குச் செலுத்தினார்கள். குரங்குகளில் பாதுகாப்பானது என்று கண்ட அளவில் ஐந்நூறில் ஒரு பங்கு. இரண்டு மணி நேரத்துக்குள் ஆறு பேரும் நோய்வாய்ப்பட்டு, ஒரு நாளுக்குள் உறுப்புகள் செயலிழந்து தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போனார்கள். உயிர் பிழைத்தார்கள், அவ்வளவுதான். எனவே விளம்பரம் சொல்வது எதுவும் அந்த டப்பாவுக்குள் இல்லை. இருந்திருந்தால் அதை மளிகைக் கடையில் விற்க விடமாட்டார்கள்.

ஆனால் நான் வேண்டாம் என்பதற்கு முக்கியக் காரணம் வேறு. நிவோலுமாப் சிலருக்குக் கல்லீரல் அழற்சியைக் கொண்டுவரும். அண்ணனுக்குத் தருவதும் அந்த ஆய்வின் மாத்திரைகள்தான் என்றால், மெத்தோட்ரெக்சேட்டும் கல்லீரலைப் பாதிக்கக்கூடியது. எர்லோடினிப் கல்லீரலில்தான் சிதைக்கப்படுகிறது. இந்த நிலையில் கல்லீரல் ரத்தப் பரிசோதனை ஏறிவந்தால், எது காரணம் என்று டாக்டர் கண்டுபிடித்தாக வேண்டும். நடுவில் என்னென்ன மூலிகை எவ்வளவு சேர்ந்தது என்று தெரியாத லேகியமும் இருந்தால், நல்ல மருந்தை வீணாக நிறுத்த நேரலாம். உறவினர் மனம் நோகாமல் "டாக்டர் கேட்டுச் சொல்றேன்னாரு" என்று சொல்லிவிடுங்கள். சாப்பாட்டில் முட்டை, பருப்பு, மீன் என்று அவரால் விழுங்க முடிந்த புரதம் இருந்தால் போதும். அது உடம்புக்கு, டி செல்லை எழுப்ப அல்ல.

வீட்டில் கவனிக்க வேண்டியது இதுதான். இந்த ஊசியின் பக்கவிளைவு கீமோ மாதிரி முடி கொட்டுவதாக வராது. தடை நீங்கிய டி செல்களில் சில சொந்த உறுப்பைத் தொடும். வழக்கத்தைவிட ஒரு நாளைக்கு நான்கு தடவையோ அதற்கு மேலோ கூடுதலாகப் பேதி, புதிதாக மூச்சுத்திணறல் அல்லது வறட்டு இருமல், நெஞ்சுவலி, படபடப்பு, கண் மஞ்சள், விடாத தலைவலி, எழுந்தால் கண் இருட்டும் அளவுக்குச் சோர்வு. இவற்றில் எது வந்தாலும் அடுத்த ஊசித் தேதி வரை காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குச் சொல்லுங்கள். வேறு டாக்டரிடம் போக நேர்ந்தால் "இம்யூனோதெரபி ஊசி போடுகிறோம்" என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். கடைசி ஊசி போட்டு மாதங்கள் ஆன பிறகும் இவை வரலாம். சோர்வை மட்டும் "நோயின் களைப்பு" என்று எல்லோரும் ஒதுக்கிவிடுகிறார்கள். தைராய்டு அல்லது அட்ரீனல் சுரப்பி அடிபட்டதாலும் சோர்வு வரும், கழுத்தில் கதிர்வீச்சு வாங்கியவருக்குத் தைராய்டு ஏற்கெனவே பலவீனமாக இருக்கலாம். டிஎஸ்எச் என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனை கடைசியாக எப்போது எடுத்தார்கள் என்று கேளுங்கள். மாத்திரையில் சரிசெய்யக்கூடிய விஷயம் அது.

பக்கவிளைவு வந்தால் ஸ்டீராய்டு தருவார்கள். டி செல்லை அடக்கும் மருந்தாயிற்றே, ஊசியின் பலன் போய்விடாதா என்று, இவ்வளவும் படித்த பிறகு உங்களுக்குத் தோன்றும். அதற்குப் பயந்து தள்ளிப்போட வேண்டாம். பக்கவிளைவுக்காக ஸ்டீராய்டு எடுத்தவர்களுக்குப் பலன் பறிபோனதாகப் பெரும்பாலும் தெரியவில்லை, தாமதித்தவர்களுக்குத்தான் குடலும் நுரையீரலும் மோசமாகியிருக்கின்றன. ஆனால் நீங்களாக அளவைக் குறைக்கவோ சட்டென்று நிறுத்தவோ கூடாது, வாரக்கணக்கில் படிப்படியாகத்தான் இறக்குவார்கள்.